நிகழ்பட ஆட்ட இயந்திரங்களின் மலிவு, உயர் மாதிரிகள்

நிகழ்பட ஆட்ட இயந்திரங்களின் மலிவு, உயர் மாதிரிகள் என்பன, ஒரே தலைமுறையைச் சேர்ந்த, ஒரே ஆட்டங்களை இயக்கவல்ல ஓர் இயந்திரத்தை அதன் தயாரிப்பாளர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட விலைகளில், வெவ்வேறு உறுப்புகளுடன் விற்கும் முறையைக் குறிக்கும். பெரும்பாலும் தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடப்படும் இவ்வியந்திரங்கள் பொதுவழக்கில் கன்சோல் என அழைக்கப்படுகின்றன. மைக்ரோசாப்ட், சோனி, நின்டெண்டோ ஆகிய மூன்று நிறுவனங்களும் 2005 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இம்முறையைப் பல வடிவங்களில் கையாண்டுள்ளன.

மகிழுந்து, கைபேசி முதலியவற்றிலும் மலிவு மாதிரியும் உயர் மாதிரியும் உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு உள்ளது. மலிவான கைபேசி மெதுவாக இயங்கினால் அதை வாங்கியவர் மட்டுமே பாதிக்கப்படுகிறார். ஆட்ட இயந்திரத்திலோ, வெளியாகும் ஒவ்வோர் ஆட்டமும் அத்தலைமுறையின் எல்லா மாதிரிகளிலும் இயங்க வேண்டும் என்பது பொதுவான விதி. எனவே மலிவு மாதிரியில் எந்த உறுப்பு நீக்கப்படுகிறதோ, அவ்வுறுப்பை உயர் மாதிரி வைத்திருப்பவருக்கான ஆட்டமும் முழுமையாகப் பயன்படுத்த இயலாமல் போகலாம். எவ்வளவு நீக்கப்படுகிறது என்பதைவிட எது நீக்கப்படுகிறது என்பதே இங்கு முதன்மையானது.

இக்கட்டுரையில் தரப்படும் விலைகள், வேறுவிதமாகக் கூறப்படாதவிடத்து, ஐக்கிய அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டவை. 99 செண்டில் முடியும் விலைகள் முழு டாலராக்கப்பட்டுள்ளன.

வணிகப் பின்னணி

ஆட்ட இயந்திரங்கள் பல நேரங்களில் அடக்க விலைக்கும் குறைவாகவே விற்கப்படுகின்றன. இயந்திரத்தில் ஏற்படும் நட்டத்தை, விற்பனையாகும் ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் கிடைக்கும் உரிமத் தொகை, சந்தா, துணைக்கருவிகள் ஆகியவற்றின் மூலம் தயாரிப்பாளர் ஈடுகட்டுகிறார். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில், எபிக் கேம்ஸ் நிறுவனம் ஆப்பிள் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில் சாட்சியமளித்த மைக்ரோசாப்டின் துணைத்தலைவர்களுள் ஒருவரான லோரி ரைட், எக்ஸ்பாக்ஸ் இயந்திர விற்பனையில் தமது நிறுவனம் ஒருபோதும் இலாபம் ஈட்டியதில்லை என்று கூறினார். ஒவ்வோர் இயந்திரத்திலும் 100 முதல் 200 டாலர் வரை நிறுவனம் ஏற்றுக்கொள்வதாக, அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் 2022 அக்டோபரில் தெரிவித்தார்.

விற்பனை கூடக்கூட நட்டமும் கூடும் இத்தகைய பொருளில், விலையைக் குறைப்பது எளிய முடிவன்று. முற்காலத்தில் இதற்குக் காலமே விடையாக இருந்தது. சில்லுகள் ஆண்டுதோறும் சிறியனவாகவும் மலிவாகவும் ஆனதால், தயாரிப்பாளர்கள் முதலில் ஒரே மாதிரியை உயர்ந்த விலையில் விற்று, பின்னர் படிப்படியாக விலையைக் குறைத்தனர். மலிவு மாதிரி இயந்திரத்தின் முதுமைக் காலத்திலேயே வந்தது. நின்டெண்டோ 1993 இல் 50 டாலருக்கு வெளியிட்ட திருத்தப்பட்ட என்.இ.எஸ். இயந்திரம் இதற்கு எடுத்துக்காட்டாகும். ஒளி, ஒலி வெளியீட்டுக்கான தனித்தனித் துளைகள் அதில் நீக்கப்பட்டு, அலைவாங்கி வழி இணைப்பு மட்டுமே விடப்பட்டிருந்தது. வெளியீட்டு நாளிலேயே இரு விலைகளை முன்வைக்கும் வழக்கம் 2005 ஆம் ஆண்டிலிருந்தே பெரிய அளவில் பரவியது எனலாம்.

செலவு இடைவெளியும் விலை இடைவெளியும்

இரு மாதிரிகளுக்கு இடையேயான விலை வேறுபாடு, அவற்றின் தயாரிப்புச் செலவு வேறுபாட்டுக்குச் சமமாக இருப்பதில்லை. இதனைத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு சோனியின் பிளேஸ்டேஷன் 3 ஆகும். 2006 நவம்பரில் இவ்வியந்திரம் 20 கிகாபைட்டு வன்தட்டுடன் 500 டாலருக்கும், 60 கிகாபைட்டு வன்தட்டுடன் 600 டாலருக்கும் வெளியானது. மலிவு மாதிரியில் கம்பியில்லா இணையத் தொடர்பும் நினைவக அட்டைகளுக்கான துளைகளும் இல்லை. செல் செயலி, வரைகலைச் செயலி, புளூ-ரே வட்டு இயக்கி ஆகியன இரண்டிலும் ஒன்றே.

அம்மாதமே ஐசப்ளை என்னும் ஆய்வு நிறுவனம் இவ்விரு இயந்திரங்களையும் பிரித்து ஆராய்ந்து, உறுப்புகளுக்கும் தயாரிப்புக்குமான செலவை மதிப்பிட்டது. அதன்படி 20 கிகாபைட்டு மாதிரியின் செலவு ஏறத்தாழ 806 டாலர். 60 கிகாபைட்டு மாதிரியின் செலவு ஏறத்தாழ 840 டாலர். விலையில் 100 டாலர் குறைந்த இயந்திரம் செலவில் 35 டாலர் அளவுக்கே குறைந்திருந்தது. அதாவது மலிவு மாதிரி ஒன்று விற்றால் 306 டாலர் அளவிலும், உயர் மாதிரி ஒன்று விற்றால் 240 டாலர் அளவிலும் நட்டம். இது சோனி வெளியிட்ட கணக்கன்று, வெளியார் மதிப்பீடே. எனினும் இதன் போக்கு வியப்புக்குரியதன்று. வன்தட்டில் சுழலும் மோட்டார், படிக்கும் முனை, உலோகக் கூடு, கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியன கொள்ளளவு எதுவாயினும் வேண்டும். ஆகவே 20 கிகாபைட்டு வன்தட்டின் விலை 60 கிகாபைட்டு வன்தட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்காகி விடாது.

இதிலிருந்து மலிவு மாதிரியின் உண்மையான பணி என்ன என்பது புலனாகும். விளம்பரத்தில் "இத்தனை டாலர் முதல்" என்று அச்சிடுவதற்கு அது தேவை. கடைக்கு வந்தவர் இன்னும் 100 டாலர் சேர்த்து உயர் மாதிரியை வாங்குவதே தயாரிப்பாளருக்கு உகந்தது. பிளேஸ்டேஷன் 3 வாங்கியோர் அவ்வாறே செய்தனர். உயர் மாதிரியையே கடைகளும் வாடிக்கையாளர்களும் விரும்புவதாகக் கூறி, 2007 ஏப்ரலில் வட அமெரிக்காவில் 20 கிகாபைட்டு மாதிரியைச் சோனி கைவிட்டது.

அவ்வாண்டின் இறுதியில் 400 டாலருக்கு வந்த 40 கிகாபைட்டு மாதிரியில் வெட்டு வேறிடத்தில் விழுந்தது. பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களை இயக்கும் வசதி முற்றாக நீக்கப்பட்டது; நான்கு யூ.எஸ்.பி. துளைகள் இரண்டாயின. பழைய ஆட்டங்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு இது பெரும் ஏமாற்றமே. ஆனால் புதிய ஆட்டங்களை எழுதுவோருக்கு இதனால் எந்த இடையூறும் இல்லை. முந்தைய கட்டுரைப் பகுதியில் கூறிய வேறுபாட்டுக்கு இது நல்ல சான்றாகும்.

வன்தட்டு இல்லாத எக்ஸ்பாக்ஸ் 360

2001 இல் வெளியான முதல் எக்ஸ்பாக்ஸ் ஒவ்வொன்றிலும் வன்தட்டு இருந்தது. அதன் செலவு மைக்ரோசாப்டை மிகவும் வருத்தியது. சில்லுகளின் விலை ஆண்டுதோறும் வீழ்ந்தாலும், மேலே கூறிய காரணத்தால் வன்தட்டின் விலை ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கவில்லை. ஆகவே 2005 நவம்பர் 22 இல் எக்ஸ்பாக்ஸ் 360 வெளியானபோது வன்தட்டு கழற்றத்தக்க உறுப்பாக்கப்பட்டது. 400 டாலர் மாதிரியில் 20 கிகாபைட்டு வன்தட்டும், கம்பியில்லாக் கட்டுப்படுத்தியும், உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான கம்பியும் இருந்தன. கோர் எனப்பட்ட 300 டாலர் மாதிரியில் இவை மூன்றும் இல்லை. உயர்தெளிவுப் படமே இவ்வியந்திரத்தின் பெருமையாக விளம்பரம் செய்யப்பட்ட காலத்தில், அதற்கான கம்பி இல்லாமல் ஒரு மாதிரி விற்கப்பட்டது குறிப்பிடத்தக்கது.

வாங்குவோர் பக்கமிருந்து கணக்கிட்டால் கோர் மாதிரி மலிவானதாகத் தோன்றாது. ஆட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைச் சேமிக்கவே 40 டாலர் கொடுத்து 64 மெகாபைட்டு நினைவக அட்டை வாங்க வேண்டியிருந்தது. தனியாக விற்கப்பட்ட 20 கிகாபைட்டு வன்தட்டின் விலை 100 டாலர். அதையும் கம்பியில்லாக் கட்டுப்படுத்தியையும் பின்னர் வாங்கியவர் மொத்தம் 450 டாலர் செலவிட்டு, 400 டாலர் மாதிரியை விடக் குறைவான பொருள்களையே பெற்றார். முதல் எக்ஸ்பாக்ஸின் ஆட்டங்களை இயக்கவும் வன்தட்டு கட்டாயம்.

ஆட்டம் எழுதுவோருக்கு ஏற்பட்ட விளைவு இதனினும் ஆழமானது. டிவிடி இயக்கியில் ஒரு தரவைத் தேடிச் செல்லப் படிக்கும் முனை வெகுதூரம் நகர வேண்டும். வன்தட்டில் இக்காத்திருப்பு மிகவும் குறைவு. பரந்த நிலப்பரப்பில் தடையின்றி நடந்து செல்லும் ஆட்டங்களில், அடுத்து வரவிருக்கும் தெருவின் தரவை முன்கூட்டியே வன்தட்டில் இட்டுவைப்பது பெரிய உதவி. ஆனால் வன்தட்டு எல்லோரிடமும் இருக்கும் என்று நம்ப இயலாத நிலையில், ஆட்டத்தின் அடிப்படை வடிவமைப்பு டிவிடி இயக்கியின் வேகத்திற்குள் அடங்க வேண்டியதாயிற்று. வன்தட்டு இருந்தால் காத்திருப்பு நேரம் சற்றுக் குறையும், இல்லாவிட்டாலும் ஆட்டம் ஓட வேண்டும் என்பதே நடைமுறை. ஃபைனல் பேண்டசி 11 போன்று வன்தட்டைக் கட்டாயமாக்கிய ஆட்டங்கள் விதிவிலக்காகவே இருந்தன. இதே காலத்தில் பிளேஸ்டேஷன் 3 இன் எல்லா மாதிரிகளிலும் வன்தட்டு இருந்ததால், பல ஆட்டங்கள் அங்கு கட்டாய நிறுவலைக் கோரின.

மறுபுறம், இம்முடிவை வெறும் பிழை என்று தள்ளிவிடவும் முடியாது. 2007 அக்டோபரில் கோர் மாதிரியின் இடத்தில் வந்த ஆர்கேட் என்னும் மாதிரி 280 டாலருக்குக் கம்பியில்லாக் கட்டுப்படுத்தியையும் 256 மெகாபைட்டு நினைவக அட்டையையும் தந்தது. வன்தட்டு என்னும் இறங்காத செலவு இல்லாததால் 2008 செப்டம்பரில் அதன் விலையை 200 டாலராகக் குறைக்க முடிந்தது. அப்போது 250 டாலருக்கு விற்கப்பட்ட நின்டெண்டோ வீயை விடவும் இது குறைவு. மேல்முனையில், 2007 ஏப்ரலில் 120 கிகாபைட்டு வன்தட்டுடன் எலைட் என்னும் கறுப்பு நிற மாதிரி 480 டாலருக்கு வந்திருந்தது. ஒரே செயலியை வைத்துக்கொண்டு 200 டாலரிலிருந்து மேலே மூன்று படிகளை அமைத்தது வணிக நோக்கில் திறமையான செயலே.

வன்தட்டில்லாமை விட்டுச்சென்ற தடை பிற்காலத்தில் மென்பொருளால் ஓரளவு சரிசெய்யப்பட்டது. 2010 ஏப்ரலில் யூ.எஸ்.பி. நினைவகத் துண்டுகளைச் சேமிப்பிடமாகப் பயன்படுத்த வழி செய்யப்பட்டது. 2013 செப்டம்பரில் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 வெளியானபோது அது இரண்டு டிவிடி வட்டுகளில் வந்தது. ஒரு வட்டின் உள்ளடக்கத்தை, ஏறத்தாழ 8 கிகாபைட்டு இடத்தில், முதலில் நிறுவியாக வேண்டும். கோர் மாதிரி வெளியாகி ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும், அதற்காக யூ.எஸ்.பி. துண்டு வழியாக ஒரு பாதை விடப்பட வேண்டியிருந்தது.

நினைவகம் குறைந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்

2020 நவம்பர் 10 இல் மைக்ரோசாப்ட் மீண்டும் இரு மாதிரிகளை ஒரே நாளில் வெளியிட்டது: 500 டாலருக்குச் சீரிஸ் எக்ஸ், 300 டாலருக்குச் சீரிஸ் எஸ். இம்முறை வேகமான திண்மநிலைச் சேமிப்பகம் இரண்டிலும் இருந்தது. மையச் செயலியும் கிட்டத்தட்ட ஒன்றே. 2005 இன் பாடம் கற்றுக்கொள்ளப்பட்டதாகவே தோன்றியது. வெட்டு வரைகலைச் செயலியில் விழுந்தது. சீரிஸ் எக்ஸின் கணிப்புத் திறன் 12 டெராஃப்ளாப், சீரிஸ் எஸ்ஸின் திறன் 4 டெராஃப்ளாப். முன்னதன் சில்லு 360 சதுர மில்லிமீட்டர் பரப்புடையது. பின்னது 197 சதுர மில்லிமீட்டர். சிறிய சில்லு என்றால் ஒரே சிலிக்கான் தட்டிலிருந்து கூடுதல் எண்ணிக்கையில் வெட்டியெடுக்கலாம், பழுதாகும் விகிதமும் குறையும். இது உண்மையான செலவுக் குறைப்பு ஆகும்.

இதன் பின்னுள்ள தருக்கம் எளியது. உயர் மாதிரி 3840×2160 படப்புள்ளிகளை வரைய, மலிவு மாதிரி 2560×1440 படப்புள்ளிகளை வரையும். முன்னதில் 83 இலட்சம் புள்ளிகள், பின்னதில் 37 இலட்சம் புள்ளிகள். வேலை பாதிக்கும் கீழே குறைவதால் சிறிய வரைகலைச் செயலி போதும். ஆட்டம் ஒன்றே, படத்தின் நுணுக்கம் மட்டும் வேறு.

வரைகலையைப் பொறுத்தவரை இத்தருக்கம் பெரும்பாலும் சரியே. நினைவகத்தைப் பொறுத்தவரை அவ்வாறன்று. சீரிஸ் எக்ஸில் 16 கிகாபைட்டு நினைவகம் இருக்க, சீரிஸ் எஸ்ஸில் 10 கிகாபைட்டு மட்டுமே உள்ளது. அதிலும் 2 கிகாபைட்டு மெதுவான பகுதியாகும். படத்தின் நுணுக்கம் குறைந்தால் படச்சட்டங்களும் மேற்பரப்புப் படிமங்களும் சிறுக்கும். ஆனால் ஓர் ஆட்ட உலகில் எத்தனை மாந்தர் உள்ளனர், ஒவ்வொருவரும் எங்கு நிற்கின்றனர், எந்தக் கதவு திறந்துள்ளது போன்ற தரவுகள் திரையின் அளவைப் பொறுத்தவை அல்ல. ஒரு நகரத்தின் மக்கள்தொகை தொலைக்காட்சி சிறியது என்பதற்காகக் குறைவதில்லை. 2022 இல் மைக்ரோசாப்ட் தன் உருவாக்குக் கருவித்தொகுப்பை மேம்படுத்தி, சில நூறு மெகாபைட்டு நினைவகத்தை ஆட்டங்களுக்கு விடுவித்தது. அவ்வளவு சிறிய அளவும் அறிவிக்கத்தக்க செய்தியாக இருந்தது என்பதே நெருக்கடியைக் காட்டும்.

இது வெளிப்படையாக வெடித்த இடம் பால்டர்ஸ் கேட் 3 ஆகும். பெல்ஜியத்தைச் சேர்ந்த லேரியன் நிறுவனத்தின் இவ்வாட்டம் 2023 ஆகஸ்ட்டில் கணினிக்கும், செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5 இயந்திரத்துக்கும் வெளியானது. எக்ஸ்பாக்ஸில் மட்டும் தாமதம். திரையை இரண்டாகப் பிரித்து இருவர் விளையாடும் வசதி சீரிஸ் எஸ்ஸில் சரிவர இயங்கவில்லை. இவ்வசதியில் இரு வீரர்களும் நகரின் இரு வேறு மூலைகளில் இருக்கலாம். இரு இடங்களின் தரவும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். இரு மாதிரிகளிலும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாப்டின் நிலைப்பாடு. ஆகவே சீரிஸ் எக்ஸில் சிக்கலின்றி ஓடக்கூடிய ஆட்டத்தைச் சீரிஸ் எக்ஸ் வைத்திருப்போரும் பெற இயலவில்லை. 2023 ஆகஸ்ட்டில் லேரியனின் தலைவர் ஸ்வென் விங்கா, பில் ஸ்பென்சரைச் சந்தித்த பின்னர், சீரிஸ் எஸ்ஸில் இவ்வசதி இல்லாமலேயே ஆட்டம் வெளியாகும் என்று அறிவித்தார். டிசம்பரில் அது வெளியானது. விடுபட்ட வசதி 2025 ஏப்ரலில் வந்த எட்டாம் திருத்தத்தின் மூலம் சீரிஸ் எஸ்ஸிலும் சேர்க்கப்பட்டது. அதாவது அது இயலாத செயலன்று. ஆனால் ஏறத்தாழ ஓராண்டு நான்கு மாதங்கள் கூடுதல் உழைப்பும் காத்திருப்பும் தேவைப்பட்டன.

வட்டு இயக்கி இல்லாத மாதிரிகள்

சோனி 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 ஐ வெளியிட்டபோது வேறு வழியைத் தெரிந்தெடுத்தது. 500 டாலர் மாதிரிக்கும் 400 டாலர் டிஜிட்டல் மாதிரிக்கும் செயலி, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றில் எந்த வேறுபாடும் இல்லை. வட்டு இயக்கி மட்டுமே இல்லை. ஆட்டம் எழுதுவோர் இரண்டையும் ஒரே இயந்திரமாகக் கருதலாம்.

இங்கு வெட்டின் வலி ஆட்டத்தின் மீதன்றி வாங்குவோரின் உரிமை மீது விழுகிறது. வட்டு வாங்கியவர் விளையாடி முடித்ததும் அதனை விற்கலாம், நண்பருக்கு இரவல் தரலாம், போட்டிபோடும் கடைகளுள் மலிவானதில் வாங்கலாம். டிஜிட்டல் மாதிரி வைத்திருப்பவருக்குச் சோனியின் இணையக் கடை ஒன்றே கடை. ஒரு வட்டு இயக்கியின் செலவு 100 டாலரை எட்டாது என்று கொண்டாலும், மீதியை நிறுவனம் பிற்பாடு ஆட்ட விற்பனையில் மீட்டுக்கொள்ளலாம். 2021 ஆகஸ்ட்டில், 500 டாலர் மாதிரியை இனி நட்டத்தில் விற்கவில்லை என்று சோனியின் நிதித் தலைவர் இரோக்கி டொட்டோக்கி தெரிவித்தார். டிஜிட்டல் மாதிரியின் நட்டத்தைத் துணைக்கருவிகள் முதலிய பிற வன்பொருள் விற்பனை ஈடுகட்டும் என்பது அப்போதைய எதிர்பார்ப்பு.

2023 இறுதியில் வந்த மெலிந்த வடிவத்தில் வட்டு இயக்கி கழற்றி மாட்டத்தக்கதாகி, தனியே 80 டாலருக்கு விற்கப்பட்டது. 2024 நவம்பரில் வெளியான பிளேஸ்டேஷன் 5 புரோ 700 டாலர் விலையுடைய உயர் மாதிரியாக இருந்தும் அதில் வட்டு இயக்கி இல்லை. மலிவு மாதிரியின் குறையாகத் தொடங்கியது நான்கு ஆண்டுகளில் உயர் மாதிரியின் இயல்பாகிவிட்டது.

நின்டெண்டோவின் வழி

நின்டெண்டோ பெரும்பாலும் கணிப்புத் திறனில் கை வைப்பதில்லை. இயந்திரத்தின் உடலமைப்பையே மாற்றுகிறது. 2013 அக்டோபரில் 130 டாலருக்கு வந்த 2டிஎஸ், முப்பரிமாணக் காட்சி இல்லாத, மடிக்க இயலாத 3டிஎஸ் ஆகும். அதன் இரு திரைகளும் உண்மையில் ஒரே திரைப் பலகை. நடுப்பகுதி நெகிழிக் கூட்டால் மறைக்கப்பட்டுள்ளது. பொறியியல் நோக்கில் இது அழகான சிக்கனம். 2019 செப்டம்பரில் 200 டாலருக்கு வந்த சுவிட்ச் லைட், தொலைக்காட்சியுடன் இணைக்க இயலாதது. கட்டுப்படுத்திகள் உடலோடு பொருத்தப்பட்டவை. கட்டுப்படுத்தியைக் கழற்றி வீச வேண்டிய சில ஆட்டங்களுக்குத் தனிக் கட்டுப்படுத்தி வாங்க வேண்டும் என்பதைத் தவிர, ஆட்டங்கள் பாதிக்கப்படவில்லை.

இந்நிறுவனம் சறுக்கிய இடம் 2012 இன் வீ யூ. 300 டாலர் மாதிரியில் சேமிப்பிடம் 8 கிகாபைட்டு. அதில் இயங்குதளம் போக எஞ்சியது ஏறத்தாழ 3 கிகாபைட்டே. 350 டாலர் மாதிரியில் 32 கிகாபைட்டுடன் ஓர் ஆட்டமும் சேர்த்துத் தரப்பட்டது. 2013 செப்டம்பரில் உயர் மாதிரியின் விலையே 300 டாலராக்கப்பட்டதும் மலிவு மாதிரிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

தலைமுறை நடுவில் வரும் உயர் மாதிரிகள்

2016 இல் பிளேஸ்டேஷன் 4 புரோ 400 டாலருக்கும், 2017 இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் 500 டாலருக்கும் வெளியாயின. இவற்றில் ஒழுங்கு தலைகீழ்: அடிப்படை மாதிரி முன்னரே கோடிக்கணக்கானோரிடம் இருக்க, அதற்கு மேல் ஒரு படி கட்டப்பட்டது. எழுதுவோர் ஏற்கனவே அறிந்த எல்லைக்கு மேல் கிடைக்கும் கூடுதல் திறன் என்பதால் இதனால் சச்சரவு குறைவு. புரோ மாதிரிக்கென்று மட்டும் ஆட்டம் வெளியிடக் கூடாது என்பதும் சோனியின் விதி. நின்டெண்டோ மட்டும் இவ்வரம்பைச் சற்று மீறியது. செனோபிளேட் குரோனிக்கிள்ஸ் 3டி போன்ற சில ஆட்டங்கள், செயலி மேம்படுத்தப்பட்ட நியூ 3டிஎஸ் குடும்பத்தில் மட்டுமே இயங்கின.

விலை ஏற்றமும் மொழி மாதிரிகளும்

காலம் செல்லச்செல்ல விலை குறையும் என்ற பழைய நம்பிக்கை 2020களில் பொய்த்தது. சில்லுகளின் புதிய தயாரிப்பு முறைகள் முன்போலச் செலவைக் குறைக்கவில்லை. பணவீக்கமும் அமெரிக்க இறக்குமதி வரிகளும் சேர்ந்துகொண்டன. 2025 ஆகஸ்ட்டில் பிளேஸ்டேஷன் 5 மாதிரிகளின் அமெரிக்க விலை 50 டாலர் உயர்த்தப்பட்டு, டிஜிட்டல் மாதிரி 500 டாலரானது.

சப்பானில் யென் வலுவிழந்ததால் மலிவு மாதிரிக்குப் புதியதொரு வரையறை தோன்றியது. 2025 சூன் 5 இல் வெளியான சுவிட்ச் 2 அங்கு இரு வடிவங்களில் விற்கப்பட்டது: சப்பானிய மொழியில் மட்டும் இயங்குவது 49,980 யென், பல மொழிகளில் இயங்குவது 69,980 யென். உறுப்பு எதுவும் நீக்கப்படவில்லை. வெளிநாட்டினர் மலிவாக வாங்கிச் செல்வதைத் தடுக்க மொழியே வேலியாக்கப்பட்டது. சோனியும் அவ்வாண்டு நவம்பரில், சப்பானிய மொழிக்கு மட்டுமான பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் மாதிரியை 55,000 யென்னுக்கு வெளியிட்டது.

மைக்ரோசாப்ட் 2025 மே மாதத்திலும் அக்டோபரிலும் அமெரிக்காவில் இருமுறை விலையேற்றியது. 300 டாலருக்கு அறிமுகமான 512 கிகாபைட்டு சீரிஸ் எஸ், அதே 10 கிகாபைட்டு நினைவகத்துடன், 2025 அக்டோபரில் 400 டாலரானது.